எந்த வரேன்?

ஜூன் 3

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

இங்கு நலம். உங்கள் நலம் விசாரிக்கப் போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தேன், அப்படியே. அடுத்த முறை முதல் மணியிலேயே துண்டிக்கப்பட்டதால், நீங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள், கைவிரல்களும் நன்றாக இயங்குகின்றன என்று தெரிந்துகொண்டேன். என் மகனிடம் சொன்னேன். "லெட்டர் போடுங்கப்பா. அதை யாராலயும் கட் பண்ண முடியாது" என்றான். கிண்டலாகச் சொன்னானா, யோசனையாகச் சொன்னானா என்று தெரியவில்லை. அவன் சொல்வதில் பாதி எனக்கு அப்படித்தான். ஆனாலும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கணினி ஆட்டத்தில் பிள்ளைகளிடம் நாம் தோற்றதற்கு நான்தான் காரணம். இதைச் சுற்றி வளைக்காமல் முதல் வரியிலேயே எழுத நினைத்திருந்தேன். இப்போதே இரண்டாம் பத்தி வந்துவிட்டது. பந்தயம் என்ன என்பதை நான் மறக்கவில்லை. நாம் ஜெயித்திருந்தால் பிள்ளைகள் இருவரும் லீவுக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருப்பார்கள். இனி மலைக்குப் போவார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து உங்கள் மகள் உங்கள் வீட்டில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் அதற்குப் பிறகு ஆட்டத்தில் உங்கள் பக்கத்திலிருந்து வெகுநேரம் ஒரு கட்டளையும் வரவில்லை.

எனக்குப் பழக்கமானது சதுரங்கம். அதில் நான் யோசித்து முடிக்கும்வரை எதிராளி காத்திருப்பார். இந்தக் கோட்டை விளையாட்டில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. கல் வெட்ட ஆள் அனுப்பலாமா, மரம் வெட்ட அனுப்பலாமா என்று நான் யோசிப்பதற்குள், எதிரில் இருப்பவர் இரண்டையும் வெட்டி, லாயம் கட்டி, குதிரையிலும் ஏறிவிடுகிறார். பயத்தில் நான் மதில்மேல் மதிலாகக் கட்டிக்கொண்டே இருந்துவிட்டேன். நீங்கள் தனியாகப் போரிட்டீர்கள். மன்னிக்க வேண்டும்.

இனி நான் விலகிக்கொள்வது நல்லதாக இருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாம் நால்வரும் மூன்று ஊர்களிலிருந்து ஒரே வரைபடத்தில் கூடுவது போல எனக்கு வாரத்தில் வேறொன்றும் இல்லை. ஆகவே விலகாமலும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. உங்கள் விருப்பம் தெரிந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜூன் 6

சம்பந்தி ஐயாவுக்கு,

லெட்டர் வந்துச்சு. எனக்கு எழுத்துத் தமிழெல்லாம் ஓடாது. பேசுற மாதிரியே எழுதுறேன். திட்டுற மாதிரி இருந்தா அது திட்டுறதுதான், சந்தேகப்பட வேண்டாம்.

மதில் கட்டினதுக்கா நான் கோவமா இருக்கேன்? நீங்க மதில் கட்டுவீங்கன்னு எனக்கு முதல் ஆட்டத்துலயே தெரியும். ஊருக்கு ஒரு மதில், அந்த மதிலுக்கு ஒரு மதில், நடுவுல ஒரு கோழிக்கூண்டு, அதுக்கும் ஒரு மதில். அது உங்க சுபாவம். எனக்குக் கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாது, அது என் சுபாவம். சேர்ந்தா சரியா இருக்கும்னுதான் உங்களோட சேர்ந்தேன்.

என் கோவம் ஒண்ணே ஒண்ணு. வரேன்னு சொன்னீங்க. வரலை.

நான் துறைமுகத்துல கிரேன் ஓட்டினவ. அங்க எனக்கு மேலிடம்னுதான் பேர். அவ்வளவு உசரத்துல உக்காந்தா கீழ நடக்குறது எறும்பு மாதிரிதான் தெரியும். சிக்னல்மேன் கையை மேல காட்டினா தூக்குவேன், கீழ காட்டினா இறக்குவேன். அவர் கையை நம்பி ஒரு லாரி எடை அந்தரத்துல தொங்கும். கையை ஒரு மாதிரி காட்டிட்டு வேற மாதிரி நடந்துக்கிட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதைத்தான் நீங்க செஞ்சீங்க.

என் பொண்ணுக்கே மனசு கேக்கலை போல. "சரிம்மா, அழாத, இன்னொரு ஆட்டம் தரேன்"னு சொன்னா. நான் எங்க அழுதேன்? மூக்கை உறிஞ்சினேன், அவ்வளவுதான். இருபத்தொன்பதாம் தேதி ஞாயித்துக்கிழமை. அதே பந்தயம். இதுதான் கடைசி.

உங்களுக்குப் பதிலா என்னோட ஆட என் பழைய சிக்னல்மேனைக் கேட்டிருக்கேன். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனா வரேன்னா வருவார்.

சம்பந்தி அம்மா


ஜூன் 9

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். கோபத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். அந்தக் கோழிக்கூண்டு பற்றிச் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும், மிகுந்த தயக்கத்தோடு, மறுக்க வேண்டியிருக்கிறது. நான் வருவதாக உங்களிடம் சொல்லவில்லை.

நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். ஆட்டத்தின் தொடக்கத்தில் என் குதிரைப்படையை ஆற்றைக் கடந்து உங்கள் ஊர்க் காவலுக்கு அனுப்பியிருந்தேன். பிறகு என் மதிலுக்கு வெளியே ஆறு குதிரைவீரர்கள் தெரிந்தார்கள். ஆறே பேர்தான், வெறும் மிரட்டல் என்று என் மகன் பிறகு சொல்லிச் சிரித்தான். எனக்கு அது ஒரு பெரிய படையின் தலை போலத் தெரிந்தது. குதிரைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டேன். மைக்கில் பேச எனக்கு நா எழாது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் திரையின் கீழே எழுதி, உங்களிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நான் ஒரு இடத்தைவிட்டுப் போனதில்லை.

ஆகவே நீங்கள் வேறு எதையாவது படித்திருக்கலாம். அல்லது என் மகன் அனுப்பிய செய்தியை என்னுடையது என்று எண்ணியிருக்கலாம். அல்லது எனக்கே நினைவு பிசகியிருக்கலாம். கடைசியாகச் சொன்னதற்குத்தான் வாய்ப்பு அதிகம், ஆனாலும் எழுதிவிட்டேன்.

உங்கள் சிக்னல்மேன் திறமையானவராக இருக்கலாம். அவருக்கு என் வணக்கம்.

உங்கள் சம்பந்தி


ஜூன் 12

ஐயா,

நானா பொய் சொல்றேன்?

என் கண்ணால படிச்சேன். படகுத்துறையில வேலையா இருந்துட்டு ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்க்கிறேன், உங்க குதிரை ஒண்ணையும் காணோம். கீழ எழுத்துல நிக்குது, "நான் வரேன்". சரி, மிச்சப் படையையும் கூட்டிட்டு வரப் போயிருக்கார்னு நினைச்சேன். படகு தயாரா இருந்துச்சு. ஜனங்களை ஏத்திக்கிட்டு உங்க மதிலுக்குள்ள வந்து ஒண்டியிருக்கலாம். ஏத்தலை. கதவைத் திறந்து வெச்சுட்டு, விருந்தாளிக்குக் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தேன். வந்தது என் பொண்ணோட இடிமரம். திறந்த கதவுக்கு இடிமரம் எதுக்குன்னு அவளே யோசிச்சிருப்பா.

ஆட்டம் முழுக்கப் பதிவாகி இருக்கும்னு பசங்க சொல்றாங்க. யார் கண்ணால வேணும்னாலும் பார்க்கலாமாம். பாருங்க. பார்த்துட்டு எழுதுங்க. பார்க்காம எழுதினா பிரிக்க மாட்டேன்.

சிக்னல்மேன் சரின்னுட்டார்.


ஜூன் 15

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

பார்த்தேன். நீங்கள் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. இது எப்படிச் சாத்தியம் என்பதை விளக்க முயல்கிறேன். பாதியில் கிழித்துப் போட்டுவிடாமல் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் என் கண்ணால் பார்த்தேன். என் மதில், என் கல், மறுபடி என் மதில். பார்க்க எனக்கே அலுப்பாக இருந்தது. அந்த ஆறு குதிரைவீரர்கள் வருகிறார்கள். உடனே என் குதிரைகள் உங்கள் ஊரைவிட்டுத் திரும்புகின்றன. அப்போது நான் எழுதுகிறேன், உண்மையாகவே எழுதுகிறேன்: "நான் வரேன்".

அம்மா, அது கிளம்பும் வரேன்.

என் வாயிலிருந்து "போறேன்" என்ற சொல் வந்ததே இல்லை. சொன்னால் போனவர்கள் திரும்ப மாட்டார்கள் என்பது போல வீட்டில் பழக்கிவிட்டார்கள். காய்கறிக் கடையில்கூட வரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறேன். வானிலை நிலையத்தில் ஓய்வு பெற்ற நாளில், இனி ஒருபோதும் போக வேண்டியிராத அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்று, காவலாளியிடம் வரேன் என்றேன். அவர் பதிவேட்டைத் திறந்துகொண்டு "எப்ப சார்?" என்று கேட்டார்.

பிறகு அதே ஆட்டத்தை உங்கள் கண்ணால் பார்த்தேன். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதே சொல் உங்கள் திரையில் தோன்றுகிறது. உங்கள் படகுகள் கரையோடு நிற்கின்றன, ஏறலாம். நீங்கள் ஏறவில்லை. கதவைத் திறக்கிறீர்கள். வாசலில் இருந்த சில வீரர்களை விலக்கி, என் குதிரைகள் உள்ளே வர வழி ஒதுக்குகிறீர்கள். என் குதிரைகளோ அந்த நேரத்தில் ஆற்றின் மறுகரையில், என் மதிலுக்குள், ஒன்றும் செய்யாமல் நின்றுகொண்டிருக்கின்றன. நான் அதுவரை நம் தோல்வியை ஒரு பக்கமாகத்தான் பார்த்திருந்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். ஆட்டம் முடிந்தபோது உங்களிடம் ஒரு கட்டை மரம்கூட மிச்சமில்லை. என்னிடம் கல் மலையாகக் குவிந்து கிடந்தது. இன்னும் தேவைப்படலாம், இன்னும் தேவைப்படலாம் என்று சேர்த்த கல். தோற்ற பிறகு அதை வைத்து என்ன செய்ய எண்ணினேன் என்று எனக்கே தெரியவில்லை.

இதற்குமேல் நீங்கள் சிக்னல்மேனோடு ஆடினாலும் அது நியாயமே.

உங்கள் சம்பந்தி


ஜூன் 18

சம்பந்தி ஐயாவுக்கு,

உங்க லெட்டரைப் படிச்சுட்டு நான் சிரிச்ச சிரிப்புல கீழ்வீட்டு டெய்லர், வாயில ஊசியோட மாடிக்கு ஓடி வந்துட்டார். "என்னம்மா, யாருக்கு என்ன?"ன்னு கேக்கறார். சிரிப்புக்கு நடுவுல லெட்டரையே கையில கொடுத்துட்டேன். தப்பா நினைக்காதீங்க. அவர் நின்னபடியே படிச்சார். படிச்சு முடிச்சுட்டு என்ன சொன்னார் தெரியுமா? "நாளைக்கு வரேன்னு சொல்லிட்டுப் போனவங்க துணி ஒரு பீரோ நிறைய தொங்குதும்மா. அது எந்த வரேன்னு இந்த சாரைக் கேட்டுச் சொல்லுங்க."

எப்ப சார்னு கேட்டாரே அந்தக் காவலாளி, அவரை நினைச்சு நினைச்சு இன்னும் சிரிக்கிறேன்.

சரி, என் பக்கமும் சொல்லிடறேன். நானும் பதிவைப் பார்த்தேன், உங்க கண்ணால. உங்க குதிரை என் ஊரைவிட்டு வரிசையா கிளம்பிப் போகுது. பட்டப்பகல்ல, ஊர்வலம் மாதிரி. நான் ஒரு தடவை தலையைத் திருப்பியிருந்தா பார்த்திருப்பேன். கிரேன்ல உக்காந்தா கொக்கியை மட்டும்தான் பார்ப்போம், பக்கத்துல பார்க்கறது கீழ இருக்கறவர் வேலை. அந்தப் பழக்கம் போகலை. வார்த்தையைப் படிச்சேன், குதிரையைப் பார்க்கலை. அது என் தப்பு.

சிக்னல்மேனை அனுப்பிட்டேன். நல்ல மனுஷன். ஆனா கம்ப்யூட்டர் முன்னாடி எழுந்து நின்னு, கையை மேல தூக்கி, விரலைச் சுத்திக் காட்டிட்டு, திரையில கோட்டை ஏன் மேல எழும்பலைன்னு கேட்டார்.

அதனால நீங்கதான். ஆனா பேசி வெச்சுக்கலாம். துறைமுகத்துல ஒரு கைக்கு ஒரே அர்த்தம்தான். வரேன் மாதிரி ரெண்டு பக்கம் திரும்புற வார்த்தை அங்க இருந்தா தினமும் பெட்டி தண்ணிக்குள்ளதான். வரேன்ங்கற வார்த்தைக்கு இருபத்தொன்பதாம் தேதி வரைக்கும் தடை. பதிலுக்கு என்ன சொல்லலாம்னு யோசிச்சு எழுதுங்க.

அந்தக் கல்லை எதுக்கு வெச்சிருந்தீங்கன்னு நிஜமாவே தெரியலையா?

சம்பந்தி அம்மா


ஜூன் 22

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

நிம்மதியாக இருக்கிறது. டெய்லருக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிடுங்கள். என் சட்டை ஒன்றும் இங்கே ஒரு கடையில் அப்படித் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

நீங்கள் கேட்டபடி குறிச்சொற்களைத் தயாரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். நான்கு பக்கம். தாக்குதல், பின்வாங்கல், உதவி, தற்காலிக உதவி, உதவி தேவைப்படலாம் ஆனால் இப்போது இல்லை என்று பிரித்திருக்கிறேன். குறை இருக்கலாம்.

இனி எழுதப்போவது வேறு விஷயம். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

தோற்ற ஆட்டத்தை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அதில் என் மதிலைப் பார்ப்பதில்லை, மற்றதைப் பார்க்கிறேன். ஆட்டத்தின் முடிவில் மழை பெய்தது, கவனித்தீர்களா? நான் ஆடும்போது கவனிக்கவே இல்லை. வாழ்நாளெல்லாம் மழையை அளந்தவன், என் தலைமேல் பெய்ததைப் பார்க்கவில்லை. மழை வந்ததும் நம் இரண்டு ஊர்களுக்கு நடுவில் ஓடும் ஆறு பெருகி, ஆழமில்லாத அந்த ஒரே துறையும் மூழ்கிவிடுகிறது, படகும் ஓடுவதில்லை. அதற்குப் பிறகு அந்தக் கரையில் இருப்பவர் அங்கேயே, இந்தக் கரையில் இருப்பவர் இங்கேயே.

அதைவிட ஒன்று. உங்கள் ஊர் மூலையில் ஒரு காற்றாலை இருக்கிறது, மாவு அரைப்பது. மழைக்குச் சற்று முன் அதன் இறக்கைகள் நிற்கின்றன. பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்றுகின்றன. பிறகுதான் மழை. பழைய ஆட்டங்களின் பதிவுகளையும் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அப்படியே. மழைக்கு முன் காற்று திரும்பும் என்பது தெரிந்த யாரோ ஒருவர் இந்த விளையாட்டைச் செய்தவர்களில் இருக்கிறார். அவர் யார், எந்த ஊர் என்று தெரியாது. திரையைப் பார்த்து வணக்கம் சொன்னேன். அறையில் வேறு யாரும் இல்லை.

ஆகவே ஒரு யோசனை. என் மகன் வழக்கம்போல என் மதிலை மிரட்ட வரலாம். உங்கள் மகள் உங்கள் கதவுக்கு வரலாம். காற்றாலை திரும்பியதும் நான் என் ஊரைக் காலிசெய்து, எல்லோரையும் கூட்டிக்கொண்டு, ஆறு பெருகுமுன் உங்கள் கரைக்கு வந்துவிடலாம். மழை வந்தால் என் மகன் அந்தக் கரையில் தனியாக மாட்டிக்கொள்ளலாம். இங்கே நாம் இருவர், உங்கள் மகள் ஒருத்தி. வெற்றி பெறலாம். ஆனால் மழை வராமலும் போகலாம். அப்போது என் ஊரும் போய், உங்கள் ஊரும் போகலாம்.

உங்கள் சம்பந்தி


ஜூன் 25

சம்பந்தி ஐயாவுக்கு,

ஐயா! இந்தக் காற்றாலை என் ஊர்லதான் நிக்குது. எத்தனை மாசமா அதுல மாவு அரைக்கிறேன். எந்தப் பக்கம் சுத்துதுன்னு பார்த்தேனா? நேத்து முழுக்க அதையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். இறக்கை நின்னுச்சு. திரும்புச்சு. மழை கொட்டுச்சு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. பெரிய ஆள்தான் நீங்க.

இப்ப திட்டுறேன்.

ஒண்ணு, நாலு பக்கத்தையும் டெய்லர் துணி வெட்ட அளவுத்தாளா எடுத்துக்கிட்டார். இடிமரம் கதவுல மோதுறப்ப, இது "உதவி"யா "தற்காலிக உதவி"யான்னு நான் ரெண்டாம் பக்கத்தைத் தேட முடியாது. மூணு வார்த்தை போதும். தூக்கு: எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு என்கிட்ட வாங்க. இறக்கு: நான் இந்த இடத்தை விட்டுட்டேன், நீங்க உங்களைப் பார்த்துக்கோங்க. நில்: என்ன செஞ்சிட்டிருந்தாலும் நிறுத்துங்க. துறைமுகத்துல நில்னு யார் காட்டினாலும் நிறுத்தணும், டீ கொண்டு வர்றவர் காட்டினாலும்.

ரெண்டாவது, உங்க லெட்டர்ல எத்தனை லாம்! வரலாம், போகலாம், மாட்டிக்கலாம். உங்க ஆபீஸ்ல உங்களுக்கு லாம் சார்னு பேராமே? மாப்பிள்ளை சொன்னார். "மழை பெய்யலாம், பெய்யாமலும் இருக்கலாம்னு அப்பா எழுதி அனுப்பினா, அது என்னைக்குமே தப்பாகாது ஆன்ட்டி"ன்னார். நல்லா இருக்கே! தப்பாகாது, ஆனா குடை எடுக்கறவங்க என்ன செய்யறது?

அன்னைக்கு என் கதவை இடிப்பாங்க. அந்த நேரத்துல உங்க ஜனங்க எல்லாரையும் உள்ள விட நான் கதவைத் திறக்கணும். மழை வரலாம்னு சொன்னீங்கன்னா திறக்க மாட்டேன். மழை வரும்னு சொன்னா திறப்பேன். அவ்வளவுதான்.

தப்பாப் போனா போகட்டும். என் பொண்ணு மலைக்குப் போயி போட்டோ அனுப்புவா, நான் பார்த்துப்பேன். ஆனா சொல்லிட்டுத் தோத்துடுவோம்.

கல்லை மறக்காம செலவு பண்ணுங்க.

மேலிடம்


ஜூன் 27

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கண்ணாடி முன் நின்று "மழை வரும்" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். குரல் கடைசி எழுத்தில் இறங்கிவிடுகிறது. எழுதினால் அது தெரியாது என்பதே ஒரே ஆறுதல்.

இந்தக் கடிதம் ஆட்டத்துக்கு முன் வந்து சேரலாம்.


ஜூன் 30

சம்பந்தி ஐயாவுக்கு,

ஜெயிச்சுட்டோம்! நேத்து கத்தினது போதலை, இன்னைக்கு எழுதியும் கத்துறேன். ஜெயிச்சுட்டோம்!

நீங்க பார்க்காததை நான் சொல்றேன், கேளுங்க. என் பொண்ணு பெத்தவன்னுகூடப் பார்க்காம கதவுல மோதுறா. பலகை ஒவ்வொண்ணா பிளக்குது. அந்தப் பக்கம் மாப்பிள்ளை உங்க ஊர்ப் பக்கம் போயிட்டார், தெரியுது. "தூக்கு"ன்னு அடிக்கப் போறேன், அதுக்குள்ள உங்க எழுத்து வருது. "மழை வரும்."

முற்றுப்புள்ளியோட! சண்டை நடுவுல யாரு ஐயா முற்றுப்புள்ளி வைப்பாங்க? அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. சரி, மனுஷன் சொல்லிட்டார், திறந்துட வேண்டியதுதான்னு ஆத்துப் பக்கத்துக் கதவுக்குப் போறேன். அடுத்த வரி வருது. "நான் வரேன்."

எனக்கு உயிரே போச்சு. எந்த வரேன்? மூணே மூணு வார்த்தைதானே பேசி வெச்சோம், அதெல்லாம் எங்க போச்சு? அந்த ஆறு குதிரையைப் பார்த்துப் பயந்து மறுபடி மதிலுக்குள்ள போயிட்டாரான்னு ஒரு நிமிஷம் கை ஓடலை. அப்புறம் இந்தத் தடவை வார்த்தையைப் பார்க்காம, தலையைத் திருப்பி ஆத்தைப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தேன், குறிச்சு வெச்சுக்கோங்க.

முதல்ல ஒண்ணும் தெரியலை. அப்புறம் ஒரு குதிரை தண்ணிக்குள்ள இறங்குச்சு. அது பின்னாடி எல்லாக் குதிரையும். வில்லாளிங்க. அதுக்கும் பின்னாடி கல் வெட்டுறவங்க, மரம் வெட்டுறவங்க, கோடாலியோட, கூடையோட! ஒருத்தர் பாக்கியில்லாம கூட்டிட்டு வந்துட்டீங்க. கடைசியா ஒரு ஆடு வந்துச்சு. ஆடு எதுக்கு ஐயா?

ஆடு கரை ஏறவும் மழை பிடிக்கவும் சரியா இருந்துச்சு.

அப்புறம்தான் தெரியுமே. மாப்பிள்ளை அந்தக் கரையில, உங்க காலி ஊருக்குள்ள நின்னுக்கிட்டு, "அப்பா எங்க? யாராவது அப்பாவைப் பார்த்தீங்களா?"ன்னு எல்லார் திரையிலயும் எழுதிட்டிருந்தார். என் பொண்ணு தோத்ததும் போன் பண்ணினா. "ம்மா, அது ஏமாத்து வேலை. மழையை யாரும்மா கணக்குல சேர்ப்பாங்க?"ன்னா. "எங்க சம்பந்தி சேர்ப்பார்"னு சொன்னேன். அப்புறம், "என் பழைய ரூம் அப்படியே இருக்காம்மா?"ன்னு கேட்டா. இருக்குன்னேன். நிஜத்துல அந்த ரூம்ல டெய்லரோட மெஷின் ஒண்ணு நிக்குது. இன்னைக்குக் காலையில கீழ இறக்கியாச்சு.

பன்னெண்டாம் தேதி வராங்க. நீங்களும் வரணும். ஜெயிச்சது நாம ரெண்டு பேர். ஜெயிச்ச வீட்டுல ஒரு ஆள் குறைஞ்சா எப்படி? என் கிரேன்ல இப்ப ஒரு பொண்ணு உக்காந்திருக்கா. நான் சொன்னா உங்களை மேல ஏத்திக் காட்டுவா. அங்கேருந்து பார்த்தா மேகம் எங்க திரளுதுன்னு உங்களுக்கே தெரியும்.

சம்பந்தி அம்மா


ஜூலை 3

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். முதலில் ஆடு. எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிடும் கட்டளையை அழுத்தினேன். அதில் ஆடும் சேர்த்தி என்பது எனக்குத் தெரியாது. பாதி ஆற்றில்தான் பார்த்தேன். திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

என் மகன் அதே ஆறு குதிரைவீரர்களைத்தான் மறுபடியும் அனுப்பினான். அதே ஆறு பேர் என்று தெரிந்தும் என் கை மதிலுக்குத்தான் போயிற்று. அப்போது நீங்கள் கதவைத் திறந்து வழி ஒதுக்கி வைத்திருந்த காட்சி, அந்தத் தோற்ற ஆட்டத்துக் காட்சி, நினைவுக்கு வந்தது. கல் அத்தனையும் சந்தையில் விலைபோய் வில்லாளிகளாக நின்றது. காற்றாலை நின்றது. எழுதினேன். அந்த மூன்று சொற்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கை தானாக வரேன் என்று எழுதிவிட்டது. பதிவைப் பார்த்தபோதுதான் உங்களுக்கு எவ்வளவு பதற்றம் கொடுத்துவிட்டேன் என்று தெரிந்தது.

அழைப்புக்கு நன்றி. அங்கு வருவது பற்றி யோசித்தேன். நேர் ரயில் இல்லை. நடுவில் ஒரு ஊரில் மாற வேண்டும். முதல் ரயில் தாமதமானால் இரண்டாவது கிடைக்காமல் போகலாம். ஓய்வு பெற்றதிலிருந்து நான் வெளியூர் போனதில்லை. சமையலறைக் குழாய் சொட்டுகிறது. நான் இல்லாதபோது அது பெருகலாம். கிரேன் உயரம் எனக்கு ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். இருந்தாலும், தினமும் காற்றழுத்தத்தைக் கடல் மட்டத்துக்குக் கணக்கிட்டு எழுதியவன் நான். கடலை இன்னும் பார்த்ததில்லை. நிலைமை சரியாக இருந்தால் வரலாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் சம்பந்தி


ஜூலை 6

ஐயா,

கல் சேர்க்கிறீங்க.

காற்றாலை நின்னு திரும்பியாச்சு. பொண்ணும் மாப்பிள்ளையும் டிக்கெட் போட்டாச்சு. கதவைத் திறந்து வெச்சிருக்கேன்.

மேலிடம்


ஜூலை 8

சம்பந்தி அம்மாவுக்கு,

குழாயைச் சரிசெய்துவிட்டேன். இன்று காலை பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் வீட்டுச் சாவியின் நகலைக் கொடுத்தேன். "எங்க சார், வெளியூரா?" என்று கேட்டார். இரண்டு பக்கம் திரும்பும் சொல் எதற்கு என்று, வாழ்நாளில் முதல்முறையாக, "ஆமா, பதினொண்ணாம் தேதி போறேன்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன சார் இப்படிச் சொல்றீங்க, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று நாடி பார்த்தார்.

அவருக்குப் போறேன்.

உங்களுக்கு, வரேன்.